வாய் பெரிதானால் வேகம் வந்துவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். பழைய பந்தய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது, "அண்ணே, இதுக்கு எத்தனை மில்லி கார்புரேட்டர் போடலாம்?" என்பதுதான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவிதான் கார்புரேட்டர்; அந்த எண், காற்று போகும் அதன் வாயின் அகலம், மில்லிமீட்டரில். 34 என்று சொன்னால் முகம் மலரும். 26 என்றால் வாடிவிடும்.

யமஹா 350 எல்சி தொழிற்சாலையிலிருந்து 26 மில்லிமீட்டர் மிக்குனி கார்புரேட்டரோடுதான் வந்தது. பந்தயத்துக்கென்றே செய்த டிசட் 350-க்கு 34. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இன்ஜின்தான். ஆனால் டிசட்டின் சக்தி முழுவதும் உச்ச சுற்றில்தான் இருக்கிறது, ஓட்டுபவரும் அங்கிருந்து இறங்கவே மாட்டார். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைதான் ஜெட்; அதிலிருந்து பெட்ரோல் மேலே ஏற வேண்டுமானால், அதைக் கடக்கும் காற்று வேகமாக ஓட வேண்டும். வாய் அகலமானால் குறைந்த சுற்றில் காற்று சோம்பிவிடும். வளைவிலிருந்து வெளியே வந்து முறுக்கும்போது வண்டி ஒரு கணம் திக்கும். அந்த ஒரு கணத்தில் பின்னால் வந்தவன் முன்னால் போய்விடுவான். எல்சியில் சிலிண்டரின் துளைகளான போர்ட்டையும் புகைக்குழாயையும் மாற்றாமல் 34 மாட்டுவது வீண் செலவு என்பது என் கருத்து.

ஆங்கிலேய வண்டிக்காரர்களுக்கு அமால் ஜிபி கார்புரேட்டர் மேல் தனி மோகம். மேங்க்ஸ் நார்ட்டன் பந்தய வண்டியில் வந்ததாயிற்றே! அதில் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலைப் பக்கத்து அறையில் ஒதுக்கி வைத்து, காற்றுப் பாதையைத் தடையில்லாமல் விட்டிருப்பார்கள். கைப்பிடியை முழுக்க முறுக்கி ஓட்டும் முழுத் த்ராட்டலுக்கு அருமை. சிக்னலில் நிற்க அது ஒத்துவராது.

சரி, டியூனிங்குக்கு வருவோம். பலரும் ஐடிலில், அதாவது முறுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் நிலையில், தொடங்குகிறார்கள், அது தலைகீழ் வேலை. முழுத் த்ராட்டலில் இன்ஜின் சாகாமல் இருப்பதுதான் முதல் கவலை. ஆகவே அப்போது பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டை முதலில் முடியுங்கள். அப்புறம் நீடில், காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் வெட்டு, கடைசியில் குறைந்த முறுக்குக்கான பைலட் ஜெட். கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுவிடுங்கள். வண்டி எந்தக் கோட்டில் திக்குகிறதோ, குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். எட்டில் ஒரு பங்கு வரை பைலட்டும் காற்றுத் திருகும், அங்கிருந்து கால் வரை ஸ்லைடு, முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கொஞ்சம் ஒன்றோடொன்று கலக்கும், ஆனாலும் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். அரை முறுக்கில் திக்கும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம்.

மெயின் ஜெட் சரியா என்று ஸ்பார்க் பிளக் சொல்லும். நேர்ச் சாலையில் முழுத் த்ராட்டலில் ஓடி, அப்படியே கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைக்க வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்த பிளக், உருட்டியதைப் பற்றித்தான் சொல்லும். பீங்கானின் நுனியை விட்டுவிட்டு, உள்ளே ஆழத்தில் அது உலோகத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் நிற வளையத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நம் வானிலையும் இதில் ஒரு கட்சி. ஐரோப்பியக் கையேட்டின் ஜெட் எண்கள் குளிர்ந்த காற்றுக்கு. கோலாலம்பூரின் 32 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் குறையும். அந்த எண்கள் இங்கே கொஞ்சம் ரிச்சாகத்தான், அதாவது பெட்ரோல் அதிகமாகத்தான், இருக்கும். ஆனாலும் அங்கிருந்தே தொடங்கி, ஒவ்வொரு படியாக இறக்குங்கள். ரிச்சாக இருந்தால் வண்டி முக்கும். லீனானால், அதாவது பெட்ரோல் குறைந்தால், பிஸ்டனில் ஓட்டை.

இதனால்தான் கெந்திங் மலையில் ஜெட் சரிபார்ப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அங்கே துல்லியமாக ஓடும் ஜெட், கீழே செப்பாங் பந்தயத் தளத்தில் லீன்.

டூ ஸ்ட்ரோக்காரர்களுக்கு இன்னொன்று. பயத்தில் பெட்ரோலோடு கலக்கும் ஆயிலைக் கூட்டிவிடுகிறார்கள். ஜெட்டின் துளை அதே அளவுதான். ஆயில் கூடினால் அதன் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும், கலவை லீனாகும். ஆயிலின் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு ஜெட்டைத் தொடுங்கள். நன்றி, வணக்கம்.