மாலை வகுப்பு எங்கே தொடங்க வேண்டும்

கிராமத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கும் நண்பர்களே, முதலிலேயே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பகலில் நடந்த பாடத்தை மாலையில் மறுபடி நடத்தாதீர்கள். இருபடிச் சமன்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அடைப்பு, அதாவது புரியாமல் நின்றுபோகும் இடம், அங்கே இல்லை. பின்னத்திலோ குறை எண்ணிலோ இருக்கிறது.

ஆகவே முதல் நாள் 20 நிமிடத் தாள் ஒன்று கொடுங்கள். கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல், 1/2 + 1/3, −3 − 5, ஒரு பத்தியை வாசித்து இரண்டு கேள்விகளுக்கு விடை. இவ்வளவு போதும். மதிப்பெண் வேண்டாம், எந்தப் படியில் பிசகியது என்று மட்டும் குறியுங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது, அது தவறான விதி: மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டுவது. சரியான முறையை ஒப்பிக்க வைத்தால் ஒரு வாரத்தில் பழைய விதி திரும்பி வந்துவிடும். 10 செ.மீ. கோடு ஒன்று போடச் சொல்லுங்கள். பாதி 5 செ.மீ.; 2/5 என்பது 4 செ.மீ. கூட்டிய பிறகு குறைந்துபோனதை அந்தப் பிள்ளையே கண்ணால் பார்க்கட்டும். விடையே எழுதாத பிள்ளைக்குத் தேவைப்படுவது வேறு உதவி.

பிள்ளைகளை எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வகுப்புவாரியாக அல்ல, அடைப்புவாரியாக. பெரிய பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். 'பின்னக் குழு' என்று பாடத்தின் பெயரை வையுங்கள், மாதம் ஒருமுறை குழுக்களை மாற்றுங்கள்.

90 நிமிடம் இருந்தால் முதல் 10 நிமிடம் நோட்டை மூடிவைத்து, நேற்றுப் படித்ததை நினைவிலிருந்து எழுதட்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வாசித்தாலே போதும் என்று பிள்ளைகள் நம்புவதில் வியப்பில்லை.

வகுப்பு நேரத்தைக் கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இருட்டிய பின் முடிந்தால் முதலில் நின்றுபோகிறவர்கள் பெண் பிள்ளைகள். காரணத்தை யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். காலையில் கிளம்பியவர்களுக்குப் பசிக்கும். சாப்பிட ஏதாவது கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். காணொளிகளை முன்கூட்டியே இறக்கிவையுங்கள், சிக்னலை நம்பாதீர்கள்.

தன்னார்வலர் வராத நாள் கட்டாயம் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் ஒரு வரி எழுதிவையுங்கள்: எதில் நின்றது, நாளை எதில் தொடங்குவது. மாற்றாக வருபவர் அந்த நோட்டைத் திறந்து அங்கிருந்தே தொடங்கலாம்.