கத்தரிக்கோலும் கைத்தடியும்

நடுவர் அவர்களே, வணக்கம். சபைக்கு வணக்கம். எதிரணிக்கு... சரி, அவங்களுக்கும் வணக்கம். கொடுத்தது பத்து நிமிஷம். வணக்கத்துக்கு இதுக்கு மேல ஒதுக்க முடியாது.

தலைப்பு, "வாழ்க்கையின் நோக்கம் வகுக்கப்பட்டதா, நாமே வகுத்துக்கொள்வதா?" நான் வகுத்துக்கொள்ற கட்சி. நேத்து ராத்திரி கண் முழிச்சு ஏழு பாயிண்ட் எழுதிக்கிட்டு வந்தேன். எனக்கு முன்னாடி பேசின அம்மா ஒரே வார்த்தையில அந்தப் பேப்பரை மடிச்சு உள்ள வைக்க வெச்சுட்டாங்க.

என்ன சொன்னாங்க? "கத்தரிக்கோல் எதுக்குன்னு அதைச் செஞ்சவனைக் கேளுங்க. கத்தரிக்கோலையே கேட்டா அது என்ன சொல்லும்? அடுத்துப் பேச வர்றவரும் அந்தக் கத்தரிக்கோல் மாதிரிதான், வாய் மட்டும் திறந்து திறந்து மூடும்." எல்லாரும் கை தட்டினீங்க. நல்லாவே தட்டினீங்க. மூணாவது வரிசையில என் மனைவி தட்டினது மேடை வரைக்கும் கேட்டுது.

அம்மா, கத்தரிக்கோல் வாயைத் திறந்து திறந்து மூடும், ஒத்துக்கிறேன். ஆனா ஒவ்வொரு தடவை மூடும்போதும் எதையாவது வெட்டியிருக்கும்.

இருங்க, இருங்க, இன்னும் இருக்கு. இந்த உதாரணமே அவங்க சொந்தச் சரக்கு கிடையாது. 1945-ல பாரிஸ்ல ழான் பால் சார்த்தர்னு ஒரு பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒரு கூட்டத்துல பேசினாரு. அவர் எடுத்துக்கிட்டது காகிதம் வெட்டற கத்தி. கத்தி விஷயத்துல, எதுக்குங்கிறது முதல்ல ஒருத்தர் மனசுல இருக்கு, கத்தி அப்புறம்தான் வருது. மனுஷன் விஷயத்துல தலைகீழ். ஆள் முதல்ல வந்துடறான், எதுக்குங்கிறதை அப்புறம் அவனே பார்த்துக்கணும். அம்மா அதுல முதல் பாதியை மட்டும் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. கத்தரிக்கோல் யாருன்னு இப்ப நடுவரே சொல்லட்டும்.

ஆனா எனக்கு பாரிஸெல்லாம் வேண்டாம். என் மாமனார் போதும். மூணாவது வரிசையைப் பார்த்துக்கிட்டே ஜாக்கிரதையாச் சொல்றேன்.

மாமனாருக்கு முழங்கால் தேய்ஞ்சுபோச்சு. கைத்தடி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாங்கினோம். அலுமினியத் தடி. மேல வளைஞ்ச பிடி, கீழ ரப்பர் முனை, உயரத்தைக் கூட்டிக் குறைக்க வரிசையா ஓட்டை. கூடவே ஒரு சீட்டு. அதுல ஒருத்தர் தடியை ஊன்றி நடந்து போற மாதிரி படம். பார்த்தீங்களா, செஞ்சவன் நோக்கத்தைப் படம் போட்டே அனுப்பிட்டான்.

முதல் நாள். படுக்கையிலிருந்து ஃபேன் ஸ்விட்ச் நாலடி. தடி மூணடி, கை ஒரு அடி. கணக்கு முடிஞ்சுபோச்சு. ரப்பர் முனையால ஒரு அமுக்கு, ஃபேன் ஓடுது. ரெண்டாவது நாள், நாற்காலிக்கு அடியில போன பேப்பரை வளைஞ்ச பிடியால இழுத்தாரு. மூணாவது நாள் அதே பிடியால ஓடற பேரனைச் சட்டைக் காலர்ல பிடிச்சாரு. ஜன்னல் சாத்தறது தடி, பல்லி விரட்டறது தடி. நான் வாயைத் திறந்தா தரையில ரெண்டு தட்டு. நடுவர் அவர்களே, உங்க மணியைவிட அந்தத் தட்டுக்கு நான் அதிகமாப் பயந்திருக்கேன்.

நடக்கும்போதுன்னு கேட்கறீங்களா? நடக்கும்போது தடியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாரு.

கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது, திரும்பச் சொல்றேன். ஃபேனுக்குத் தடி, பல்லிக்குத் தடி, மாப்பிள்ளைக்குத் தடி. நடக்கறதுக்குச் சுவர்! ஒரு மாசம் கழிச்சு டாக்டர் கேட்டாரு, "தடியை உபயோகிக்கிறீங்களா?" இவர் சொன்னாரு, "என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் கையை விட்டு இறக்கறதே இல்லை." டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

செஞ்சவன் சொன்ன நோக்கம் எங்கம்மா போச்சு?

இப்ப எதிரணித் தலைவர் குறள் சொன்னாரு. "ஊழிற் பெருவலி யாவுள", 380. உண்மைதான், ஊழைவிட வலிமையானது எதுன்னுதான் வள்ளுவர் கேட்கிறாரு. அவரே 240 குறள் தள்ளி 620-ல "ஊழையும் உப்பக்கம் காண்பர்"னு எழுதியிருக்காரு. தளராம முயற்சி பண்றவன் அந்த ஊழோட முதுகைப் பார்ப்பானாம். 380-லயே புத்தகத்தை மூடிவெச்சா அதுக்கு வள்ளுவர் என்ன பண்ணுவாரு?

இயற்கையில எல்லாத்துக்கும் ஒரு வேலை உண்டுன்னாங்க. பறவை இறகையே எடுத்துக்குங்க. பறக்கவே தெரியாத டைனோசர் உடம்புலயும் இறகு இருந்திருக்கு. குளிருக்கோ அழகுக்கோ வந்ததை வெச்சு ஒரு கூட்டம் பறந்தே போயிடுச்சு. ஒண்ணுக்குன்னு வந்தது வேற ஒண்ணுக்கு ஆகறதுக்கு 1982-ல ஸ்டீபன் ஜே கூல்ட், எலிசபெத் வெர்பான்னு ரெண்டு விஞ்ஞானிகள் தனியா ஒரு பேரே வெச்சாங்க. எங்க வீட்டுல அதுக்குப் பேர் மாமனார்.

விக்டர் ஃபிராங்கல் பத்தியும் எழுதி வெச்சிருந்தேன். வியன்னா டாக்டர். 1942-ல நாஜிகள் முகாமுக்குக் கொண்டுபோனாங்க. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், மனைவி, எல்லாரையும் பறிகொடுத்தவர். நோக்கத்தை நாம உண்டாக்க முடியாது, கண்டுபிடிக்கத்தான் முடியும்னாரு. எதிரணி எழுந்து சொல்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். ஆனா வாழ்க்கை நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்குது, நாமதான் பதில் சொல்லணும்னும் அவர்தான் சொன்னாரு. எனக்கு அந்தப் பாதி போதும்.

மணி அடிச்சுட்டீங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு நடுவர் அவர்களே. தடிக் கதையில நான் பாதிதான் சொன்னேன்.

மாமியாருக்கு ஒரு நாள் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. ஒரே அறையில ரெண்டு கட்டில், நடுவுல சக்கர நாற்காலி போய் வர இடம். ராத்திரி ஏதாவது வேணும்னா எப்படிக் கூப்பிடுவாங்க? ஒரு மணி வாங்கிக் கொடுத்தோம். இவருக்குக் காது மந்தம், மணி கேட்கலை. ரெண்டு நாள் பார்த்தாரு. மூணாவது நாள் ராத்திரி அந்தத் தடியை எடுத்து ஓட்டையெல்லாம் தள்ளி முழு நீளத்துக்கு இழுத்தாரு. ரெண்டு கட்டிலுக்கும் குறுக்கே பாலம் மாதிரி வெச்சாரு. ரப்பர் முனை அவங்க இடது கையில. வளைஞ்ச பிடி இவர் கையில. அவங்க லேசா அசைச்சா இவருக்கு முழிப்பு வந்துடும். பதினாலு மாசம் அப்படித்தான் ரெண்டு பேரும் தூங்கினாங்க.

அந்த ரப்பர் முனையை ஒரு நாள் கையில எடுத்துப் பார்த்தேன். அடியில தேய்மானமே இல்லை, ஊன்றி நடந்தாத்தானே? பக்கவாட்டுல மட்டும் நாலு விரல் படற இடம் வழவழன்னு இருந்தது.

அவங்க போனதும் அந்தக் கட்டிலை எடுத்துட்டோம். அன்னிக்கு ராத்திரி ஃபேனைக் குறைக்கலாம்னு உள்ளே போனேன். கட்டில் இருந்த இடத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாரு. தடியோட முனை அது மேல. பிடி இவர் கையில. தூங்கலை. என்னைப் பார்த்தாரு. தரையில தட்டலை. "இருக்கட்டும் மாப்பிள்ளை, எடுக்காதீங்க"ன்னாரு.

அம்மா, அந்தத் தடியைச் செஞ்சவர் எந்த ஊர்லயோ இருப்பாரு. போய்க் கேட்டுட்டு வாங்க, அது எதுக்குன்னு.

எழுதிக்கிட்டு வந்த ஏழு பாயிண்ட்ல அஞ்சு இன்னும் பாக்கெட்லயே இருக்கு நடுவர் அவர்களே. இருந்துட்டுப் போகட்டும். மூணாவது வரிசையில தட்டற சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு. நான் இறங்கி அங்கே போகணும்.