தேயாத பிரதி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்புக் கல்லடியில் இந்த வெக்கையிலும் மண்டபம் நிறைய வந்திருக்கும் பெரியவர்களே, அக்காமாரே, தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கையோடு கொண்டு திரியும் பாட்டுக் கருவிகளில் எங்கள் மக்களுக்கு அதிகம் தந்தது கசெற் காலமா, டிஜிட்டல் காலமா? இதுதான் இன்றைய தலைப்பு. டிஜிட்டல் காலமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். கசெற்றில் குரலுக்கு ஒரு சூடு இருந்தது என்றார். காத்திருந்து கேட்ட பாட்டுக்குத்தான் ருசி என்றார். டிஜிட்டல் வந்து மனிதரைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது என்றார். நல்ல கைதட்டல். நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் பாட்டுப் பதிந்து கொடுக்கும் அந்த ரெக்கோர்டிங் பார் வாசலும், கொப்பித்தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொடுத்து மறுநாள் வரை காத்திருந்ததும் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. அந்த நினைவோடு எனக்குச் சண்டை இல்லை.

கசெற்றின் பெருமையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். 1963இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அதைக் காட்டியது. லூ ஒட்டன்ஸ் என்ற பொறியியலாளரின் குழு செய்தது. பெரிய றீல்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன மனிதர் அவர். சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, கருவி இதைவிடப் பெரிதாகக் கூடாது என்று வேலை தொடங்கினார். பிறகு 1979 யூலை 1இல் சோனி வோக்மனை விற்பனைக்கு விட்டது, விலை 33,000 யென். தான் தெரிந்தெடுத்த பாட்டை நடந்துகொண்டே கேட்கும் பழக்கம் உலகமெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரணித் தலைவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். லூ ஒட்டன்ஸ் கசெற்றோடு நின்றுவிடவில்லை. பிலிப்ஸில் சீடியை உருவாக்கும் வேலை தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 1982இல் சீடி சந்தைக்கு வந்தது. கசெற்றைப் பெற்றெடுத்தவரே எங்கள் அணிக்கு வந்துவிட்டார், நடுவர் அவர்களே!

தனித்தனியாகப் பிரித்தது டிஜிட்டல் என்றாரே, அதைச் சட்டென்று முடித்துவிடலாம். முதல் வோக்மனில் ஹெட்செற் செருக இரண்டு துளை வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு செம்மஞ்சள் பொத்தானும் வைத்தார்கள். ஏன்? ஒருவர் மட்டும் காதை அடைத்துக்கொண்டு கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியுமோ என்று சோனியின் அகியோ மொரிட்டாவே யோசித்தார். ஆக அந்தக் கவலை 1979லேயே, கசெற்றோடு கூடவே வந்தது. டிஜிட்டல் அப்போது சந்தையிலேயே இல்லை.

சரி, சூடு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கசெற் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர். அதில் இரண்டு பக்கத்துப் பாட்டும் அடங்க வேண்டும். விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் அது நகர்கிறது. நாடாவில் பூசியிருக்கும் இரும்பு ஒட்சைட்டுத் துகள்களில் ஒலி காந்தமாகப் பதிகிறது. அந்தத் துகள்களுக்கே ஓர் இரைச்சல் உண்டு, "உஸ்ஸ்" என்று. ஒரு கசெற்றிலிருந்து இன்னொன்றுக்கு அடித்தால் இரைச்சல் கூடும், சல்லரியின் கூர்மை குறையும். அதிலிருந்து மூன்றாவதுக்கு அடித்தால் இன்னும் மோசம். இப்போது சொல்லுங்கள், எங்கள் ஊரில் எத்தனை பேர் கொம்பனி அடித்த முதல் கசெற்றில் பாட்டுக் கேட்டோம்? கொழும்பிலிருந்து வந்ததைப் பாரில் பிரதி எடுத்து, அதை நண்பன் பிரதி எடுத்து, அதைத்தான் நாம் கேட்டோம். எதிரணி சூடு என்று சொல்வதில் பெரும் பங்கு அந்த உஸ்ஸ்தான்.

டிஜிட்டலில் நடப்பது வேறு. சீடியில் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். எண்ணைப் பார்த்து எழுதினால் அதே எண் வரும். நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றுதான். என் வாதம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. பிரதி எடுத்தால் தேயும் காலம் ஒன்று இருந்தது, பிரதி எடுத்தாலும் தேயாத காலம் ஒன்று வந்தது. போரிலும் கடலிலும் வீடு வாசலை மாறி மாறி இழந்த எங்களுக்கு இதைவிடப் பெரிய கொடை எது?

பாட்டைச் சின்னக் கோப்பாகச் சுருக்கும் எம்பி3 முறை ஒலியை வெட்டிவிடுகிறதே என்று எதிரணியில் அடுத்தவர் கேட்கக்கூடும். உண்மைதான். விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3யில் சீடியில் இருக்கும் தரவில் பதினொன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பெரிய ஒலிக்குப் பின்னால் காதுக்குப் பிடிபடாத சின்ன ஒலிகளைப் பார்த்து நீக்குகிறார்கள். அப்படிச் சுருக்கியதால்தான் 1998இல் கொரியாவிலிருந்து வந்த எம்பிமேன் என்ற முதல் எம்பி3 கருவி, வெறும் 32 மெகாபைட்டுக்குள் அரை மணித்தியாலப் பாட்டை வைத்தது. 2001 ஒக்டோபரில் ஐபொட் 5 ஜிபியோடு வந்து ஆயிரம் பாட்டு என்றது. அதன் விலை 399 டொலர். எங்கள் பக்கம் அதை வாங்கியவர்கள் குறைவு. நமக்குக் கிடைத்தது பெயர் தெரியாத சீனத்து எம்பி3 பிளேயரும், பிறகு மெமரி கார்ட் என்ற சிப் போடும் போனும்தான். இன்று இடம் மலிவு. சுருக்க விருப்பமில்லையா, வேவ் கோப்பாக முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். கசெற் அந்தத் தெரிவை நமக்குத் தரவே இல்லை.

ஒரு கூத்தை எடுத்துக்கொள்வோம். இராத்திரி 9 மணிக்குக் களரி தொடங்கினால் விடிய 6 மணியாகும். ஒரு சி90 கசெற்றில் பக்கத்துக்கு 45 நிமிடம். ஒன்பது மணித்தியாலத்துக்கு ஆறு கசெற், பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் டக்கென்று பொத்தான் எழும்பும். இருட்டில் கசெற்றைத் திருப்பிப் போட்டு மறுபடி அமத்துவதற்குள், கூத்தை நடத்தும் அண்ணாவியார் தூக்கிய தருப் பாட்டில் இரண்டு வரி போய்விடும். பக்கம் எப்போது முடியும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, மத்தளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் முடியும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கரண்ட் இல்லாத ஊர்களில் பற்றரி வேறு தளரும். தளர்ந்தால் நாடா மெதுவாகப் பதியும், பிறகு நல்ல பற்றரியில் போட்டால் அரசன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகக் கேட்கும். இன்று அதே ஒன்பது மணித்தியாலத்தை, துளி சுருக்காமல், சீடித் தரத்தில் பதிந்தால் 6 ஜிபிக்குள் அடங்கும். விரல் நகமளவு சிப். திருப்ப வேண்டியதில்லை, இடையில் ஒரு வரி போகாது.

கூத்தாவது இன்றும் ஆடப்படுகிறது. நெல்லுச் சூடுமிதிக்கும்போது பாடிய பொலிப்பாட்டு? சூடுமிதிக்க மாடு இல்லை, எல்லாம் மெஷின். வேலை போனதும் பாட்டும் போய்விட்டது. அக்கரைப்பற்றிலும் கல்முனைப் பக்கத்திலும் முஸ்லிம் உம்மாமார் வாய்மொழியாகச் சொல்லிவந்த கவிகளுக்கும் அந்தக் கதிதான் நெருங்குகிறது. அந்த உம்மாவிடம் போய், பேத்தி தன் போனை மடியில் வைத்து, "சொல்லுங்க உம்மம்மா" என்றால் போதும். தனியாக ஒரு கருவியை யாரிடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

இரவல் என்றதும் எதிரணி சொன்ன அந்தக் காத்திருப்பின் ருசிக்கு வருகிறேன். யார் காத்திருந்தார்கள்? எங்கள் வீட்டில் ஒரே ஒரு ரேப் ரெக்கோடர். அது அண்ணனின் மேசையில் இருந்தது. அண்ணனின் பாட்டு, அண்ணனின் பற்றரி. அக்கா கேட்க ஆசைப்பட்டதை, அண்ணன் வெளியில் போனபிறகு, சத்தத்தைக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார். இந்த மண்டபத்தில் இருக்கும் அக்காமாரில் பாதிப்பேருக்கு இந்தக் கதை தெரியும், முகத்தைப் பார்த்தாலே விளங்குகிறது. ஒருவரின் காத்திருப்பு ருசியாக இருந்தது, இன்னொருவரின் காத்திருப்பு வெறும் இல்லாமை. ஒவ்வொரு பெண்பிள்ளையின் கைக்கும் அவளுடைய பாட்டு போய்ச் சேர்ந்தது டிஜிட்டல் காலத்தில்தான்.

அந்த அக்கா 1990களில் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். இங்கே கசெற்றுக்குப் பெரிய பெருமை ஒன்று இருக்கிறது, மறைக்கமாட்டேன். கடிதம் எழுதச் சிரமப்பட்டவர்கள் கசெற்றில் பேசி அனுப்பினார்கள். ஊருக்கு வருகிறவர்களின் கையில் அக்காவும் கொடுத்துவிடுவார். "அம்மா, நான் சுகம். மனே, நீ படிக்கிறியா?" என்று தொடங்கும். இடையில் அழுகையை அடக்க நிறுத்திவிட்டு மறுபடி அமத்திய சத்தம் கேட்கும். பின்னால் அந்த வீட்டுக் குழந்தை ஒன்று அரபியில் கத்தும். அம்மா அவற்றை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். எங்கள் வீடு கடற்கரையோரம், நாவலடியில். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. நாங்கள் ஓடித் தப்பினோம், வீடு நிற்கவில்லை. அந்த ரின்னை அம்மா பல நாள் மணலில் தேடினார். கிடைக்கவில்லை.

ஒவ்வொன்றும் ஒரே பிரதி, நடுவர் அவர்களே.

இன்று அக்காவின் மகள் கட்டாரில். அவள் வட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் என் போனில் இருக்கிறது, அக்காவின் போனில் இருக்கிறது, லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் போனிலும் இருக்கிறது. இன்னொரு கடல் வந்து இந்தக் கரையைக் கழுவினாலும் அவள் குரல் எங்காவது இருக்கும். கசெற்றின் சூட்டைப் பற்றி என் அம்மாவிடம் யாராவது பேசிப்பார்க்கட்டும்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் நரம்புக் கருவியான யாழைப் பற்றிய யாழ் நூலை 1947இல் வெளியிட்டார், அதே ஆண்டு மறைந்தார். வில்யாழ், பேரியாழ், சகோடயாழ் என்று பெயர்கள் இருந்தன, சிலப்பதிகார வரிகள் இருந்தன, உரைகள் இருந்தன. ஒலி மட்டும் இல்லை. நரம்புக்கு எத்தனை நீளம், எந்த நரம்புக்கு எந்தச் சுரம் என்று கணக்குப் போட்டுப் போட்டு அந்த மனிதர் உடம்பு தளரும்வரை உழைத்தார். யாழ் வாசித்த ஒருவரின் ஒரு நிமிட ஒலி, தேயாமல், ஏதோ ஓர் ஊரில் இருந்திருந்தால்? நம் பேரப்பிள்ளைகளில் ஒருத்தர் நாளைக்கு மத்தளத்துக்கும் பொலிப்பாட்டுக்கும் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமா?

இப்போதெல்லாம் பாட்டு நமக்குச் சொந்தமில்லை, கொம்பனிக்காரன் நிறுத்தினால் நின்றுவிடும் என்று எதிரணி சொல்லும். அதில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அந்தக் கவலை உண்டு. இணையத்தில் பாட்டுக் கேட்க வைக்கும் ஸ்பொட்டிஃபை 2021இல்தான் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகள் சிப்பிலும் புளூடூத்திலும் பாட்டைக் கைமாற்றினார்கள். அதுவும் டிஜிட்டல்தான். கோப்பாக வைத்திருந்தால் அது உங்களுடையது. 2022இல் அப்பிள் நிறுவனம் ஐபொட்டை நிறுத்தியது, அதிலிருந்த பாட்டுகள் சாகவில்லை, போனுக்குப் போய்விட்டன. கசெற் பிளேயர் போனால் கசெற் என்ன செய்யும்?

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் தாருங்கள். உங்கள் வீட்டில் இன்னும் கசெற் இருந்தால் இதைக் கேளுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், ஈரக்காற்று. கண்ணாடிச் சாளரத்தினூடு பாருங்கள், நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சணம். அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம், மெஷினுக்குள் பரவி மற்றக் கசெற்றையும் பிடிக்கும். நடுவில் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று நாடாவை அமத்திக்கொண்டிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் மங்கிக் கேட்கும். நாடா கெட்டிருக்காது, திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு அதை மாற்றலாம். நன்றாக இருப்பதை ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு போடுங்கள். ஹெட்செற் துளையிலிருந்து ஒரு வயர் கணினிக்கு. ஓடாசிற்றி என்ற மென்பொருள் இலவசம். முதலில் வேவ் ஆகப் பதியுங்கள். பிறகு மூன்று பிரதி, அதில் ஒன்று ஊருக்கு வெளியே, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரரிடம்.

இந்த மேடைக்குப் பின்னால் ஒரு ரேப் ரெக்கோடரும் மடிகணினியும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் மண்டபம் பூட்டும்வரை அங்கேதான் இருப்பேன். கூத்தோ, கவியோ, யாருடைய குரலோ, வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். எதிரணித் தலைவர் வீட்டில் அவருடைய தகப்பன் பாடிய கசெற் ஒன்று இருப்பதாகச் சற்று முன் சொன்னார். ஐயா, அதை முதலாவதாகப் பதிவோம்.