இரண்டு வீட்டுப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலையும் அதுவுமாக அல்சூர் வரை வந்திருக்கிறீர்கள், நன்றி.

இப்போது நாம் பார்த்த ‘பிளாக் ஆர் ஒயிட்’, 2014-இல் மைக் பைண்டர் எழுதி இயக்கிய படம். ஒரு சிறுமியைச் சுற்றிய கதை. அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தா வெள்ளைக்காரர், லாஸ் ஏஞ்சல்ஸில் வக்கீல். அந்த வேடத்தில் கெவின் காஸ்ட்னர். அப்பாவைப் பெற்ற பாட்டி கறுப்பினத்தவர், ஆக்டேவியா ஸ்பென்சர். பிள்ளையை யார் வளர்ப்பது என்று இருவரும் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

தாத்தாவிடம் வசதி இருக்கிறது, குடியும் இருக்கிறது. பாட்டி வீட்டில் சொந்தபந்தம் நிறைய. போதையில் விழுந்த மகன் திருந்திவிடுவான் என்ற பிடிவாதமும் உண்டு. பாசத்துக்கு எந்த வீட்டிலும் குறைவில்லை. படத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். பிடிக்காதது, கறுப்பினத் தகப்பன் என்றதும் கையில் போதையைக் கொடுத்துவிட்டது. அவனுக்கு இன்னும் நியாயம் செய்திருக்கலாம்.

அப்புறம் கோர்ட்டில் அந்தச் சாட்சிக் கூண்டுக் காட்சி. பேத்தியின் அப்பாவை நிறத்தைச் சொல்லித் திட்டியதற்குத் தாத்தா விளக்கம் சொல்கிறார்: நிறம் முதலில் கண்ணில் படத்தான் செய்யும், அடுத்தடுத்து என்ன நினைக்கிறேன் என்பதை வைத்து என்னை எடைபோடுங்கள் என்கிறார். சரி, மனதுக்குள் வரும் எண்ணத்துக்கு இந்த வாதம் பொருந்தலாம். வாய்விட்டுத் திட்டியதற்கு எப்படிப் பொருந்தும்? அப்பாவின் நிறத்தைத் திட்டினால் அது பேத்தி மேலும்தானே விழுகிறது?

இதைவிடக் கொடுமை நிஜத்தில் நடந்தது. ஃபுளோரிடாவில் விவாகரத்தான வெள்ளைக்காரத் தாய் ஒருவர் கறுப்பினத்தவரை மணந்தார். பிள்ளையை ஊர் ஏளனம் செய்யும் என்று சொல்லி, கீழ்க் கோர்ட் குழந்தையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டது. 1984-இல் பால்மோர் எதிர் சிடோட்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. ஊராரின் வெறுப்புக்குச் சட்டம் துணைபோகக் கூடாது என்றது. ஆனால் தகப்பன் அதற்குள் டெக்சாஸுக்குக் குடிபோயிருந்தார். வழக்கில் ஜெயித்த தாய்க்குக் குழந்தை திரும்பக் கிடைக்கவில்லை.

பிள்ளைக்குக் காப்பாளரை நியமிப்பது பற்றிய நம் 1890-ஆம் வருட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையின் வயது, மதம், உறவின் நெருக்கம் எல்லாவற்றையும் கவனிக்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. தமிழ்ப் பாட்டி ஒரு பக்கம், கன்னடத் தாத்தாவோ பஞ்சாபித் தாத்தாவோ மறுபக்கம் என்று இந்தப் பெங்களூரில் எத்தனை வீடுகள்! பெற்றவர்கள் பிரியும்போது வாரத்தில் எந்த நாள் அப்பாவுக்கு, எந்த நாள் அம்மாவுக்கு என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். தாத்தா பாட்டி பேச்சு அங்கே எழுவதே அபூர்வம். அதனால் ஒரு மொழியும் ஒரு பாதிச் சொந்தமும் அந்தப் பிள்ளையின் கையை விட்டுப் போகின்றன.

இந்த அரங்கில் வக்கீல்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவுக்கு நிபந்தனைகள் எழுதும்போது, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் பிள்ளையைப் பார்க்கும் நாட்களையும், பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டில் தங்குவதையும் தனியாக எழுதிச் சேர்த்துவிடுங்கள். கட்சிக்காரர் கோபத்தில் வேண்டாம் என்பார். இன்னொரு தடவை உட்காரவைத்துப் பேசுங்கள்.