வார்டுக்கு வரும் பணம் யார் வாசல் வரைக்கும் போகிறது

வணக்கம் நேயர்களே. வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே கேட்கிறவர்கள், தோப்புக் காவலுக்கு இருந்துகொண்டு போனில் கேட்கிறவர்கள், எல்லாரிடமும் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் வார்டுக்கு வருஷா வருஷம் சுகாதாரத்துக்கென்றே ஒரு தொகை வருகிறது. போன வருஷம் அது எதற்குச் செலவானது என்று உங்களுக்குத் தெரியுமா?

நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று இந்தப் பக்கமே சுற்றி வந்திருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய திட்டம் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இந்தச் சின்னப் பணத்தின் மேல்தான் அக்கறை. இது சரியான இடத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது, கிராமத்துக்கு ஒரு சுகாதாரக் குழு வேண்டும், அதன் கையில் வருஷத்துக்கு 10,000 ரூபாய் இருக்க வேண்டும், எதற்குச் செலவு செய்வது என்பதை அந்த ஊரே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். ஆபீஸில் இதை அன்டைட் ஃபண்டு என்பார்கள். இன்னதுக்குத்தான் என்று மேலிருந்து கட்டிப்போடாத பணம். கேரளத்தில் இந்தக் குழு வார்டுக்கு ஒன்று. வார்டு மெம்பர் தலைவர், சுகாதார ஊழியர் ஒருவர் கன்வீனர், அப்புறம் ஊரில் வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளரான ஆஷா, அங்கன்வாடி டீச்சர், அயல்கூட்டம் என்கிற குடும்பஸ்ரீ மகளிர் குழுவின் பெண்கள். சுகாதார இயக்கத்தின் 10,000, மாநிலத்தின் தூய்மைப் பணிகளைப் பார்க்கிற சுசித்வ மிஷனின் 10,000, பஞ்சாயத்தின் சொந்த நிதியிலிருந்து 10,000, ஆக வார்டுக்கு 30,000 என்று கணக்கு.

முப்பதாயிரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பீர்கள். எங்கள் வார்டில் ஒரு கூட்டம் நடந்தது, அதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமான கதைதான்.

அங்கன்வாடியில் குழு கூடியிருக்கிறது. மழைக்கு முன்னால் கூடுகிற கூட்டம். கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர், கொசுவுக்குப் புகை, விழிப்புணர்வுக்கு ஒரு பிளெக்ஸ் என்று வழக்கமான பட்டியல் வாசிக்கப்பட்டது. எல்லாம் தேவையான காரியம்தான். வார்டு முழுக்க எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி, ஒருவருக்கும் மனக்குறை வராது. கையெழுத்துப் போடப் போகிற நேரத்தில், பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா திண்ணையில் நின்றபடியே சொன்னார்: "மாத்திரை சும்மாதான் குடுக்கறீங்க சிஸ்டர். அதை வாங்க வர்றதுக்குத்தான் காசாகுது."

அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக்காரர். வார்டின் கடைசி வீடுகள் அங்கேதான். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். அவர் கணக்குச் சொன்னார். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பார்க்கிற நாள் வாரத்தில் ஒன்று, அதுவும் காலையில். அன்றைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலையில் இருந்தால் இன்னும் சிக்கல், காலையிலும் மதியத்திலும் போனில் போட்டோ எடுத்துத்தான் வருகை பதிகிறார்கள், நடுவில் ஒரு மணி நேரம் ஓடிவந்துவிட்டுப் போக முடியாது. இதற்கு மேல் பஸ்காசு. அதனால் அவரும் வீட்டுக்காரரும் ஒருவர் பெயரில் வாங்கிய மாத்திரையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தலை சுற்றினால் மட்டும் போடுகிறார்கள். காலனியில் பாதிப் பேர் இப்படித்தான் என்றார். அதற்கு முந்தின வருஷம்தான் அதே காலனியில் தென்னை ஏறுகிற ஒருவர் பக்கவாதத்தில் விழுந்து, வீட்டில் இருந்த ஆடு மாடு எல்லாம் விற்றுப் போயிருந்தது.

எங்கள் பதிவேட்டில் அந்தக் காலனிக்கு மருந்து கிடைக்கிறது என்றுதான் இருக்கும். இலவசம் என்றும் இருக்கும். இலவச மருந்துக்கு ஒரு நாள் கூலியை விலையாகக் கொடுக்கிறவர்கள் யார் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். மாதத்தில் இரண்டு சாயங்காலம் காலனிக்கே போய்ப் பார்க்கலாம். மருந்து எப்போதும் போல சுகாதார நிலையத்திலிருந்து வரட்டும். குழுப் பணத்தில் பிரஷர் பார்க்கிற கருவி ஒன்று, சர்க்கரை பார்க்கிற கருவி, அதற்கு வேண்டிய ஸ்ட்ரிப்புகள், ஒரு எமர்ஜென்சி விளக்கு, மருந்தையும் ஆட்களையும் கொண்டுபோய்த் திரும்ப ஆட்டோ. அவ்வளவுதான். உடனே ஒருவர் கேட்டார், ஒரே காலனிக்கு இவ்வளவு போட்டால் மற்ற வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எல்லாருக்கும் பொதுவான பணம் இல்லையா?

நேயர்களே, நான் இன்றைக்குப் பேச வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ஒரே இலைதான் போடுகிறார்கள், ஆனால் கடைசிப் பந்தியில் உட்காருகிறவனுக்கு எது மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியும். மெயின் ரோட்டில் இருக்கிற வீட்டுக்கு டாக்டர் பக்கம், மருந்துக்கடை பக்கம், பைக் இருக்கிறது, போன் போட்டால் வர ஆள் இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இதில் ஒன்றும் இல்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே அளவு பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு சமமாகச் செய்தோம் என்றால், முன்னால் இருந்த ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? யாருக்கு ஆரோக்கியம் அதிக தூரத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு அதிகமாகப் போக வேண்டும். இதை நான் எத்தனை கூட்டத்திலும் சொல்வேன்.

விதியும் இதற்குத் தடையில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பயன்படுகிற காரியத்துக்கு இந்தப் பணத்தைச் செலவு செய்யலாம் என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கும் மேலே, ஆதரவற்ற பெண், மிக ஏழையான குடும்பம் என்று வந்தால், அவர்கள் சிகிச்சைக்குப் போய்ச்சேர உதவுவதற்காக ஒரே குடும்பத்துக்குக்கூடச் செலவு செய்யலாம் என்றும் இருக்கிறது. இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பிரசவ வலிக்கு வண்டிக்காசு இல்லாத வீட்டுக்கு இந்த வரி உதவும். ஆனால் முடிவு குழுக் கூட்டத்தில் எடுக்கப்பட்டு மினிட்ஸில் ஏற வேண்டும்.

இந்த வழிகாட்டுதலைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினோம். மெம்பர் ஒத்துக்கொண்டார், மெடிக்கல் ஆபீசரும் சாயங்கால நேரத்துக்குச் சரி என்றார். பிளீச்சிங் பவுடரையும் விடவில்லை, பிளெக்ஸை விட்டோம், புகையைக் குறைத்தோம். முதலில் பெண்கள்தான் வந்தார்கள், ஆண்களை வரவைக்க ஆஷா வீடு வீடாக நடக்க வேண்டியிருந்தது. அப்புறம் பாதி மாத்திரை பழக்கம் மெல்ல மெல்லப் போனது. அட்டையில் தேதி விடாமல் ஏற ஆரம்பித்தது, அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த அம்மா குழுவில் உறுப்பினரே இல்லை, பேத்தியைக் கூப்பிட வந்தவர். அவர் அன்றைக்கு வராமலிருந்தால் பிளெக்ஸ்தான் வந்திருக்கும். அப்படியானால் காலனியின் குரல் கூட்டத்துக்கு எப்படி வரும்? கிராமசபைதான் வழி. கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி வார்டின் வாக்காளர் எல்லாரும் கிராமசபைதான், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கூட வேண்டும், பத்தில் ஒரு பங்குப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 1996இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கிய காலத்திலிருந்து எதுவும் அங்கேதான் பேசி முடிவாக வேண்டும். ஆனால் கூட்டம் வேலை நேரத்தில் இருந்தால் கூலிக்காரர் வர மாட்டார். நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும் இருந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் பிரித்தே பார்க்க மாட்டார்கள். வந்தாலும் பேசக் கூசுகிறார்கள். கூச வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் தமிழர் தமிழிலேயே அரசு அலுவலகத்துக்கு எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்று இருக்கிறது. மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எல்லைப்புறத்துக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ரேஷன் கார்டு இந்தப் பக்கம், சிகிச்சைக்கு ஓடுவது பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும். அங்கே முதலமைச்சர் காப்பீட்டுக்கு தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை கேட்பார்கள், நம்மிடம் இருக்காது. போகிற வீடு கடன் வாங்கித்தான் போகிறது. அந்த வீடுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, எந்த நோய்க்குப் போகிறார்கள் என்று பார்த்தால், குழுப் பணத்தை எங்கே போடுவது என்று தானாகத் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டில் ஓய்வு பெற்றதும் எஸ்டேட் ஆஸ்பத்திரியையும் குடியிருக்கிற லயத்து வீட்டையும் சேர்த்து இழக்கிறவர்களைப் பற்றியும், 2013இல் பழங்குடியினர் வாழ்கிற அட்டப்பாடியில் பச்சைக் குழந்தைகள் இறந்த பிறகு அவர்களுடைய ஊர்க்கூட்டங்களின் வழியாகப் பணம் போவது பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று 70,051 கோடி ரூபாய் சொல்லியிருந்தது, அதில் உங்கள் பஞ்சாயத்து என்ன வாங்கியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த கிராமசபைக்கு அயல்கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து போங்கள். வார்டு சுகாதாரக் குழுவின் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். தொழிலுறப்பு முடிகிற நேரத்துக்கு அப்புறம் கூட்டம் வைக்கத் தமிழிலேயே மனு எழுதிக் கொடுங்கள், மறக்காமல் ரசீது வாங்குங்கள். நன்றி, வணக்கம்.