ஒயர் எட்டும் தூரம்

நேயர்களுக்கு வணக்கம். பெண் திரைப்பட இயக்குநர்களிடம் வாழ்க்கைக்கு என்ன கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால், பெரும்பாலும் அவர்கள் சொன்ன கதைகளைப் பற்றித்தான் பேசுவோம். அவர்கள் வேலை பார்த்த விதத்தில் அதைவிட அதிகம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு மின் ஒயரிலிருந்து தொடங்குகிறேன்.

1970களின் நடுப்பகுதி. பாரிஸில் இயக்குநர் ஆக்னெஸ் வார்தாவின் வீட்டில் சின்னஞ்சிறு மகன். குழந்தையை விட்டுவிட்டு வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போக வழியில்லை. அவர் தன் வீட்டு மின்மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்தார். நீளம் சுமார் 90 மீட்டர். அது எட்டுகிற இடம்வரைதான் படம் என்று முடிவு செய்துகொண்டார். வீடு இருந்த தகேர் தெருவில் அந்த ஒயருக்குள் யார் யார் இருந்தார்கள்? ரொட்டி சுடுபவர், இறைச்சிக்கடைக்காரர், தையல்காரர், முடி திருத்துபவர், கடிகாரம் பழுது பார்ப்பவர். வாசனைத் திரவியம் விற்கும் ஒரு முதிய தம்பதியும் இருந்தார்கள். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். பொழுது சாயும் நேரத்தில் மட்டும் எங்கேயோ போக வேண்டும் என்று தவிப்பவரைப் போல வாசல் பக்கம் நகர்வார். தூர தேசத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர் கண்ணில் இது படாது. தினமும் அதே கடையில் சாமான் வாங்குகிறவருக்குத்தான் படும்.

வார்தா முதலில் ஒயரை அளந்தார், பிறகுதான் படத்தை யோசித்தார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். வீட்டில் கைக்குழந்தையையோ நோயாளியையோ கவனித்துக்கொள்கிற ஒருவர் தனக்கென்று ஒரு வேலை தொடங்க நினைக்கிறார் என்று வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வாருங்கள்: யாரும் கூப்பிடாமல் தொடர்ந்து எத்தனை நிமிடம் கிடைத்தது, எந்த நேரத்தில் கிடைத்தது? இங்கே வழக்கமாக நடக்கிற பிழை, வாரத்தின் மிக நல்ல நாளைக் கணக்கில் எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கிடைத்தது என்பதற்காகத் தினமும் இரண்டு மணி நேரம் என்று திட்டம் போட்டால், புதன்கிழமைக்குள் மனம் உடைந்துவிடும். நடுத்தரமான நாளை எடுங்கள். அன்று கிடைத்தது இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடத்தில் ஓர் இடத்தில் நிறுத்தக்கூடிய வேலையாகத் தேர்ந்தெடுங்கள். குழந்தை வளரட்டும், பிறகு பார்க்கலாம் என்று வார்தா காத்திருந்தால், அந்தத் தெரு அதற்குள் மாறிப்போயிருக்கும்.

தடைகளைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. சில தடைகள் அநியாயம். சவூதி இயக்குநர் ஹைஃபா அல் மன்சூர் 2012இல் வெளிவந்த ‘வஜ்தா’ படத்தை ரியாதில் எடுத்தபோது, தெருவில் ஆண்களோடு சேர்ந்து நின்று வேலை செய்ய முடியாத நிலை. வெளிப்புறக் காட்சிகளின்போது ஒரு வேனுக்குள் உட்கார்ந்து, மானிட்டரைப் பார்த்தபடி வாக்கி-டாக்கியில் இயக்கினார். ஓடிப்போய் நடிகரின் காதில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தூரத்திலிருந்து கேட்கும் குரலில் “இன்னும் கொஞ்சம் மெதுவாக” என்று சொல்லலாம். ஏன் மெதுவாக என்று விளக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு நடிகரோடும் ஒரு புரிதலை உண்டாக்கிக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதை அந்த வேன் அவருக்கு உணர்த்தியது. தொலைபேசியில் குடும்பத்தை நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நேரில் இருக்கும் நாட்களில் பேசித் தீர்க்காததைத் தொலைபேசியில் தீர்க்க முடிவதில்லை.

1929இல் ஹாலிவுட்டில் டாரத்தி ஆர்ஸ்னர் செய்தது இன்னும் எளிமை. பேசும்படம் வந்த புதிது. மைக் ஓரிடத்தில் நிலையாக இருக்கும், நடிகை கிளாரா போ அதற்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும். ஆர்ஸ்னர் மைக்கைத் தூண்டில் கம்பில் கட்டி, நடிகை போகிற பக்கமெல்லாம் மேலே பிடிக்கச் செய்தார்.

இனி ஒரு சமையலறை. பெல்ஜிய இயக்குநர் ஷான்தால் அக்கர்மான் 1975இல், தம் 25ஆவது வயதுக்குள், ‘ழான் தியெல்மான்’ என்ற படத்தை எடுத்தார். 201 நிமிடம். ஒரு கைம்பெண்ணின் மூன்று நாள். கேமரா ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அவர் பாத்திரம் கழுவுவதை, படுக்கை விரிப்பதை, காய் நறுக்குவதை முழுசாகப் பார்க்கிறோம். முதல் நாள் எல்லாம் கச்சிதம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அதிகம் வெந்துவிடுகிறது. அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அறை அறையாக நடக்கிறார், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுகை இல்லை, வசனம் இல்லை. ஆனால் உள்ளே ஏதோ இற்றுப்போய்விட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் நாளை நிமிடம் விடாமல் பார்த்ததால்தான் தெரிகிறது. வீட்டில் ஒருவர் உள்ளுக்குள் உடைவதை நாம் கவனிக்காமல் போவதற்கும் இதுதான் காரணம் என்பேன்: அவருடைய சாதாரண நாள் எப்படி இருக்கும் என்றே நமக்குத் தெரியாது.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. வீட்டில் தினமும் வேலை செய்கிற ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஃபோனை நெஞ்சு உயரத்தில் ஓர் அலமாரியில் சாய்த்து வையுங்கள். முழு உடலும் கையும் தெரிய வேண்டும். பத்து நிமிடம் ஓட விடுங்கள். கை போகிற பக்கமெல்லாம் ஃபோனைத் திருப்பாதீர்கள், பெரிதாக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் அவர் கேமராவுக்காகச் செய்வார், அதைத் தாண்டியதும் மறந்துவிடுவார். இதில் பலரும் செய்கிற தவறு, வேலை முடிந்த உடனே அணைத்துவிடுவது. கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வேலையை எடுப்பதற்கு முன் அவர் சற்று நிற்பார். அதையும் பதிவாக விடுங்கள்.

அணைக்க மறந்தாலும் நஷ்டமில்லை. வார்தா 2000இல் வெளியிட்ட ஆவணப்படத்துக்காகச் சின்ன டிஜிட்டல் கேமராவோடு வயலில் நடந்தபோது, அதை நிறுத்த மறந்துவிட்டார். கேமரா தரையைப் பார்த்துத் தொங்க, லென்ஸ் மூடி அதன் முன்னால் ஊசலாடிக்கொண்டே வருகிறது. எடிட்டிங்கில் அதை வெட்டி எறியவில்லை. இசை சேர்த்து, மூடியை ஆடவிட்டு, படத்திலேயே வைத்துக்கொண்டார்.