மாமரத்தை வெட்டுமுன்

பெரியவர்களே, அங்கிள்மாரே, ஆன்ட்டிமாரே, வணக்கம்.

பிப்ரவரி மாதக் கோடை மத்தியானத்தில் நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து, முன்பு வெள்ளையர் குடியிருப்பாக இருந்த பெரேயா பக்கம் போய்ப் பாருங்கள். இறங்கி நடந்தாலே வெப்பத்தில் வித்தியாசம் தெரியும். அது மேடு, கடற்காற்று வீசும் இடம் என்பீர்கள். சரி. ஆனால் அங்கே தெருவெல்லாம் பழைய மரங்கள் இருக்கின்றனவே!

இது தற்செயலாக நடந்ததில்லை. 1950இல், எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. கேட்டோ மேனரிலும் மற்ற இடங்களிலும் தோட்டம் துரவோடு இருந்த நம் இந்திய ஆட்களை 1960களில் சாட்ஸ்வொர்த்தின் வரிசை வீடுகளுக்குக் கிளப்பினார்கள். வீடு கட்டியவர்கள் நிழலைப் பற்றி யோசிக்கவில்லை. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு தென்னாப்பிரிக்க நகரங்களைச் செயற்கைக்கோள் படங்களில் அலசியது. வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் மரப்பரப்பு சுமார் 12 சதவீதம் கூடுதலாம்.

மரம் இரண்டு வழியில் குளிர்ச்சி தருகிறது. ஒன்று, இலை வழியே நீரை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. ஆனால் டர்பன் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால் இந்த வழி இங்கே கொஞ்சம் மந்தம். நமக்குக் கை கொடுப்பது இரண்டாவதான நிழல்தான். வெயிலில் கிடக்கும் தார், சுவர், கூரையைவிட நிழலில் இருப்பவை 11 முதல் 25 டிகிரி வரை குறைவாகச் சுடும். பகலில் சுவர் குடித்த சூட்டைத்தான் ராத்திரி நம் படுக்கையறையில் கக்குகிறது.

ஒற்றை மரம் தன் காலடியை மட்டுமே காக்கும். அமெரிக்காவின் மாடிசன் நகரில் அளந்தவர்கள், ஒரு தெருப்பகுதியில் 40 சதவீதத்துக்கு மேல் மரம் கவிந்தால்தான் காற்றே நன்றாகக் குளிர்கிறது என்று 2019இல் எழுதினார்கள். நாமோ செப்டம்பரில் மரம் நடும் ஆர்பர் வாரத்தில் கன்று நட்டு, போட்டோ எடுத்து, அப்புறம் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுகிறோம். அதே வருஷம் தாத்தா வைத்த மாமரத்தை வெட்டி, காருக்காக முற்றம் முழுக்க சிமெண்ட் போடுகிறோம். அந்த மரத்தின் வேலையைச் செய்ய இந்தக் கன்றுக்கு எத்தனை வருஷமாகும்?

நடுவதானால் மேற்குச் சுவர் பக்கம் நடுங்கள், பிற்பகல் வெயில் அங்கேதான் அடிக்கிறது. இருக்கும் மரத்தையும் கவனியுங்கள். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கண்டுபிடித்த துளைவண்டு ஒரு பூஞ்சையைச் சுமந்துவந்து மரத்தைக் கொல்கிறது. பட்டையில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரிந்தால் நகராட்சியிடம் சொல்லுங்கள். அந்த விறகைப் பிராய் (இறைச்சி சுடுவது) போட வேறு ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள், வண்டும் கூடவே வரும்.